கரண்ட் கொம்பனியை மாற்றினால் கரண்ட் மாறுமா?

"மச்சான், போன் சிம் மாத்துற மாதிரி கரண்ட் கொம்பனியையும் மாத்த ஏலுமெண்டா, இந்த பில் பிரச்சினை எல்லாம் முடிஞ்சிரும்."

கற்பிட்டியில் ஐஸ் பெக்டரி நடத்தும் குடும்பத்துப் பிள்ளையான எங்கள் கூட்டாளி ஒருவன் சொன்னது இது. பிளேன்டீ ஆறிப்போகும் வரை நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அவன் சொன்னது பிழை என்று தெரியும், ஆனால் ஏன் பிழை என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு பழைய பில்களை எடுத்தோம், சட்டத்தை வாசித்தோம், வெளிநாட்டில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் கேட்டோம். அன்றைக்குச் சொல்லாத பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அவன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறோம். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் அதற்கு மேல் இன்னும் 66 வீதம். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், சராசரிக் கணக்கில் 100 ரூபாய் பில் ஆறே மாதத்தில் 290 ரூபாய். பிறகு 2023 ஜூலையில் இறங்கியது, ஒக்டோபரில் ஏறியது, 2024 மார்ச்சிலும் ஜூலையிலும் இறங்கியது, 2025 ஜனவரியில் இன்னும் இறங்கியது, ஜூனில் 15 வீதம் ஏறியது. மூன்று வருடத்துக்குள் எட்டு முறை. ஐஸ் கட்டிக்கு ஒரு விலை வைத்து அதைப் போட்டுக்காரரிடம் சொல்வதற்கு முன்னால் கட்டணம் மாறிவிடுகிறது என்றால் எப்படித் தொழில் செய்வது?

விலையோடு முடியவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடே இருண்டது. எங்கள் நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அவை திரும்ப ஓடச் சில நாள் எடுத்தது, அதுவரை நாடு முழுக்க முறை வைத்து வெட்டினார்கள்.

வீட்டில் கரண்ட் போனால் மெழுகுதிரி கொளுத்தலாம். முந்தல், உடப்பு பக்கம் இறால் வளர்க்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள். இரவில் குளத்துத் தண்ணீரில் ஒட்சிசன் குறைந்துகொண்டே போகும், விடியற்காலையில்தான் ஆகக் குறைவு. தண்ணீரை அடித்துக் காற்று ஏற்றும் சக்கரங்கள் அந்த நேரத்தில் நின்றால், மாதக்கணக்காகத் தீனி போட்டு வளர்த்த இறால் சில மணித்தியாலத்தில் செத்து மிதக்கும். ஜெனரேட்டர் உள்ளவர் தப்புவார், டீசலுக்குக் காசு உள்ளவரை. கற்பிட்டி மணலில் வெங்காயமும் மிளகாயும் போடுகிறவருக்குக் கிணற்று மோட்டர் நின்றால் பாத்தி காயும். ஆகவே "கரண்ட் பிரச்சினை" என்று இந்தக் கரையில் ஒருவர் சொன்னால், அது உயிர்ப்பிரச்சினை.

நோய் உண்மைதான். அவன் சொன்ன மருந்தோடுதான் எங்களுக்குச் சண்டை.

சிம் கதையைக் கொஞ்சம் சரியாகச் சொல்லுவோம்

போன் மாதிரி என்கிறார்கள். சரி, போனைப் பார்ப்போம். ஒரு காலத்தில் இந்த நாட்டில் ஐந்து மொபைல் கொம்பனி இருந்தது. 2018இல் எதிசலாட் ஹட்சோடு சேர்ந்தது. 2024இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தது. இப்போது மிச்சம் மூன்று. 2022 செப்டெம்பரில் கட்டணம் 20 வீதம் ஏறியபோது எல்லாக் கொம்பனிக்கும் சேர்த்து ஒரே நேரத்தில்தான் ஏறியது. யாரிடம் ஓடியிருப்பீர்கள்?

பெற்றோலையும் பார்ப்போம். முதலில் கூட்டுத்தாபனம் மட்டும். 2003இல் ஐஓசி வந்தது. 2023இல் சினோபெக் வந்தது, ஆரம்பத்தில் லீற்றருக்கு மூன்று ரூபாய் குறைத்து விற்று எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. பிறகு ஷெல் பெயர்ப்பலகை ஏறியது. அவுஸ்திரேலியாவின் யுனைட்டட் பெற்றோலியம் 2024இல் வந்து 2025இல் போயே போய்விட்டது. ஷெட்டுகளுக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள், சட்டை நிறம் மாறியது. மாதக் கடைசி இரவில் விலைத் திருத்தம் வரும்போது மட்டும் எல்லோரும் ஏறத்தாழ ஒரே விலைக்கு வந்து நிற்கிறார்கள். பலகை நாலு இருந்தால் போட்டி இருக்கிறது என்று அர்த்தமில்லை.

கரண்ட் இதைவிடக் கடினம். போன் கொம்பனி ஒவ்வொன்றுக்கும் தனித் தனி வலையமைப்பு. கரண்டுக்கு உங்கள் ஒழுங்கையில் ஒரே ஒரு லைன்தான். இரண்டாவது கொம்பனி வந்து இன்னொரு தூண் நட்டு இன்னொரு கம்பி இழுக்கப்போவதில்லை. உலகத்தில் எந்த நாட்டில் "விரும்பிய கொம்பனியைத் தெரிவு செய்" என்றாலும் கம்பி மாறாது, தூண் மாறாது, ட்ரான்ஸ்போமர் மாறாது. மாறுவது மொத்தத்தில் வாங்கி உங்களுக்குச் சில்லறையில் விற்று பில் அனுப்புகிற ஆள் மட்டும்தான்.

அந்த ஆள் எங்கிருந்து வாங்குவார்? நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எங்கள் நுரைச்சோலையிலிருந்து வருகிறது. 900 மெகாவாட், 2011இல் முதல் கட்டம், 2014இல் மிச்சம். சீனக் கடனில் கட்டியது. தலவில புனித அன்னம்மாள் கோயிலுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று திருச்சபையும் கடற்றொழிலாளரும் எதிர்த்த திட்டம். நிலக்கரித் தூசியும் சாம்பலும் பற்றிய முறைப்பாடு இன்றைக்கும் ஓயவில்லை. நீங்கள் எந்தக் கொம்பனியின் பில்லைக் கட்டினாலும் ஐஸ் பெக்டரி மோட்டருக்கு வருவது இதே கம்பியில் கலந்து வரும் இதே கரண்ட்தான். பாணந்துறையில் குரங்கு பாய்ந்தால் எல்லாக் கொம்பனியின் வாடிக்கையாளருக்கும் ஒரே நேரத்தில் இருட்டு.

தெரிவு யாருக்கு வரும்?

இப்போது இலங்கையில் அப்படியொரு தெரிவு இல்லை. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதுதான் தீர்மானிக்கும். 1983இல் தொடங்கிய லெகோ நீர்கொழும்பு தொடக்கம் காலி வரைக்கும் சில பகுதிகளைப் பார்க்கிறது. புத்தளம் கரை முழுக்க மின்சார சபையின் பகுதியாகவே இருந்து வந்தது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமும் 2025இல் அதற்கு வந்த திருத்தமும் 1969இலிருந்து இருந்த சபையைப் பிரிக்க வழி செய்தன. மின்பிறப்பாக்கம், கடத்தல், விநியோகம், எந்த நிலையம் எப்போது ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் இயக்கம் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி அரச கொம்பனி. பிரித்தது வந்துவிட்டால் "அடுத்தது தெரிவுதான்" என்று பேச ஆட்கள் வருவார்கள். வர முதலே கேட்டு வைப்போம், தெரிவு வந்தால் முதலில் யாருக்கு வரும்?

பக்கத்தில் தமிழ்நாட்டைப் பாருங்கள். இந்தியாவின் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் திறந்த அணுகலைக் கொண்டு வந்தது. கேட்க அழகான சொல். நடைமுறையில் ஒரு மெகாவாட்டும் அதற்கு மேலும் பாவிக்கிற ஆட்களுக்குத்தான் அது. பெரிய நூல் ஆலைகள் முப்பந்தல் பக்கம் சொந்தக் காற்றாலை வைத்து, அரசின் கம்பி வழியாகத் தங்கள் ஆலைக்குக் கரண்டைக் கொண்டு போயின. 2022இல் பசுமை மின்சாரத்துக்கு மட்டும் அந்த எல்லையை 100 கிலோவாட்டுக்கு இறக்கினார்கள். அப்படி இறக்கியும் மூலைக்கடைக்கும் தையல் கடைக்கும் அது எட்டவில்லை. நல்ல காசு கட்டும் பெரிய வாடிக்கையாளர் வெளியே போனால், கம்பிக்கும் தூணுக்குமான செலவு உள்ளே மிஞ்சியிருப்பவர் தலையில் விழும். அதனால்தான் வெளியே போகிறவரிடம் ஒரு மேல்கட்டணம் வாங்குகிறார்கள். அந்த மேல்கட்டணம் எவ்வளவு என்பதில் இன்றைக்கும் இழுபறி.

இதை எங்கள் ஊருக்குக் கொண்டு வாருங்கள். பாலாவியில் சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது. கண்டக்குளி பக்கம் பட்டச்சறுக்கு விளையாட வெள்ளைக்காரர் தங்கும் ஹோட்டல்கள் இருக்கின்றன. கருவாட்டு வாடியும் ஐஸ் பெக்டரியும் கிணற்று மோட்டரும் இருக்கின்றன. விற்க வருகிற கொம்பனி முதலில் யாருடைய கதவைத் தட்டும்? இரவு பகல் ஒரே அளவில் ஓடுகிற, மாதா மாதம் தவறாமல் கட்டுகிற பெரியவரை. பருவத்துக்குத் தொழில், மீன் பட்டால் காசு என்று வாழ்கிற எங்கள் வாப்பாமாரை அல்ல. எங்களுக்கு வருவது மிச்சம்.

சிறியவருக்குத் தெரிவு வந்த இடத்தில் நடந்தது

"அப்படியில்லை, பிரிட்டனில் சின்னக் கடைக்காரருக்கும் தெரிவு இருக்கு" என்று சொல்வார்கள். இருக்கிறது. எங்களில் ஒருத்தியின் மாமா லண்டனில் மூலைக்கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் தரகர் ஒருவர் போன் எடுத்து "உங்களுக்கு மலிவா எடுத்துத் தாறன்" என்றாராம். சனம் நிற்கிற நேரம், இவர் "ஓகே ஓகே" என்றாராம். அந்த "ஓகே"தான் ஒப்பந்தம். பல வருடத்துக்குக் கட்டிப்போட்டது. தரகரின் கமிஷன் யுனிட் விலைக்குள்ளேயே ஒளிந்திருந்தது. அங்கே வீட்டுக்காரர் கரண்ட் ஒப்பந்தம் போட்டால் மனம் மாற இரண்டு கிழமை அவகாசம் உண்டு, கடைக்காரருக்குச் சட்டப்படி அந்த அவகாசம் இல்லை. மிகச் சிறு வணிகங்களின் ஒப்பந்தத்தில் தரகர் கமிஷனைக் காட்ட வேண்டும் என்ற விதியே 2022 ஒக்டோபரில்தான் வந்தது.

வீட்டுக் கட்டணத்துக்கு அங்கே 2019 முதல் உச்ச வரம்பு இருக்கிறது. கடைகளுக்கு அதுவும் இல்லை. 2021இல் எரிவாயு விலை ஏறத் தொடங்கியதும் முப்பதுக்குக் கிட்ட விநியோகக் கொம்பனிகள் வரிசையாக விழுந்தன. பதினைந்து இலட்சத்துக்கு மேல் வாடிக்கையாளர் வைத்திருந்த பல்ப் என்ற கொம்பனியை அரசாங்கம் தாங்க வேண்டி வந்தது. 2022 ஒக்டோபரிலிருந்து ஆறு மாதத்துக்குக் கடைகளின் பில்லிலும் அரசே கழிவு கொடுத்தது. போட்டிச் சந்தை தன் பாட்டில் பார்த்துக்கொள்ளும் என்றவர்கள் கடைசியில் மக்கள் வரிப்பணத்தில்தான் கை வைத்தார்கள்.

டெக்சாஸ் இன்னும் மோசம். கிரிடி என்றொரு கொம்பனி, "மொத்தச் சந்தை விலையிலேயே தருகிறோம், மாதம் பத்து டொலர் மட்டும் எங்களுக்கு" என்று ஆள் சேர்த்தது. நல்ல நாளில் மலிவுதான். 2021 பெப்ரவரியில் கடும் பனி வந்து மின்நிலையங்கள் உறைந்தபோது மொத்த விலை யுனிட்டுக்கு 9 டொலர் வரை போனது. சில நாள் பாவனைக்கு ஆயிரக்கணக்கான டொலர் பில் வந்தது. அடுத்த மாதம் கொம்பனியே வங்குரோத்து.

இந்தக் கதைகளில் விலை ஏறும் ஆபத்தை யார் சுமந்தார் என்று பாருங்கள். நல்ல காலத்தில் சில ரூபாய் மிச்சம், கெட்ட காலத்தில் முழுச்சுமை. 2022 இல் நாட்டில் டொலர் இல்லாமல் நிலக்கரிக்கும் டீசலுக்கும் அலைந்த நேரத்தில் எங்கள் ஐஸ் பெக்டரி சந்தை விலை ஒப்பந்தத்தில் இருந்திருந்தால்? கூட்டாளியிடம் இதைக் கேட்டோம். அவன் சிரிக்கவில்லை.

போட்டியே வேண்டாமா?

வேண்டும். ஆனால் சரியான இடத்தில். பில்லில் ஆகப் பெரிய பங்கு மின்சாரத்தைப் பிறப்பிக்கும் செலவு. அங்கேதான் போட்டி வேலை செய்யும். எங்களுக்கு வடக்கே மன்னாரில் நடந்ததைப் பார்த்தோம். மன்னார், பூநகரி காற்றாலைகளுக்கு கேள்விப்பத்திரம் இல்லாமல் அதானியோடு பேசிய விலை யுனிட்டுக்கு 8.26 அமெரிக்க சதம், 20 வருடத்துக்கு. 2025 பெப்ரவரியில் அந்தக் கொம்பனி விலகியது. அதே மன்னாரில் கேள்விப்பத்திரம் கோரி வந்த 50 மெகாவாட் திட்டத்தில் விலை 4.65 சதம். அதே காற்று, அதே கடற்கரை. வித்தியாசம் எங்கே? ஒன்று மூடிய அறையில், மற்றது திறந்த போட்டியில்.

ஆகவே "போட்டிக்கு எதிரானவர்கள்" என்று எங்களுக்கு முத்திரை குத்த வேண்டாம். போட்டியைக் கடைக்காரனின் தலையில் போடாமல் பெரிய மின்நிலையங்களின் தலையில் போடுங்கள் என்கிறோம். 10 மெகாவாட் காற்றாலை மாம்புரியில் 2010இலேயே சுழலத் தொடங்கிவிட்டது. காற்று இந்தக் கரைக்குப் புதிதல்ல. அந்தக் காற்றை என்ன விலைக்கு, எத்தனை வருடத்துக்கு வாங்குகிறோம் என்ற ஒப்பந்தம் எல்லோரும் வாசிக்கும்படி வெளியே இருக்க வேண்டும்.

சபையைப் பாதுகாக்கவும் நாங்கள் எழுதவில்லை. ஏகபோகம் சோம்பல் படும், கேள்வி கேட்டால் முகம் சுழிக்கும். ஆனால் அதைத் திருத்திய சம்பவம் ஒன்று கண் முன்னால் இருக்கிறது. 2025 ஜனவரியில் மின்சார சபை கட்டணத்தை மாற்றத் தேவையில்லை என்று முன்மொழிந்தது. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களின் கருத்தைக் கேட்டது, கணக்கைப் பார்த்தது, சராசரியாக 20 வீதம் குறைக்கச் சொன்னது. கைத்தொழில்களுக்கு 30 வீதம். ஒக்டோபரில் சபை 6.8 வீதம் கூட்டக் கேட்டபோது முடியாது என்றது. எந்தக் கொம்பனியை மாற்றி 30 வீதம் மிச்சம் பிடித்திருப்பீர்கள்? ஒருவரும் சிம் மாற்றாமல், கணக்கைக் காட்டு என்று கேட்டதால் கிடைத்தது அது.

அந்த ஆணைக்குழுவும் தானாக நிற்காது. கட்டண உயர்வை எதிர்த்த அதன் தலைவர் 2023 மே மாதம் பாராளுமன்ற வாக்கெடுப்பில் நீக்கப்பட்டார். அவரைப் பற்றி யாருக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும், விலை பார்க்கிற ஆளை விலை கூட்டுகிற ஆள் தூக்க முடிந்தால் பிறகு எத்தனை கொம்பனி வந்தும் பலனில்லை. நூறு விற்பனையாளரைவிட ஒரு நேர்மையான, பயப்படாத கண்காணிப்பாளர் எங்களுக்குப் பெரிசு.

ஐஸும் வெயிலும்

இன்னொன்று. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலார் வைத்திருந்தவர்களிடம் பகல் மூன்று மணி வரை அணைத்து வையுங்கள் என்று கேட்டார்கள். தொழிற்சாலைகள் பூட்டு, பாவனை குறைவு, நடுப்பகலில் வெயில் கரண்ட் மிஞ்சுகிறது என்பது காரணம். இருட்டில் கிடந்த நாடு வெளிச்சத்தை வேண்டாம் என்றது.

ஐஸ் பெக்டரி என்றால் என்ன? கரண்டைக் கட்டியாக்கி வைக்கிற இடம். நடுப்பகலில் உறைய வைத்தால் அடுத்த நாள் விடிய போட்டில் ஏற்றலாம். கிணற்று மோட்டரும் அப்படித்தான், பகலில் தொட்டியை நிரப்பி அந்தியில் பாத்திக்கு விடலாம். மிஞ்சுகிற நேரத்தில் வாங்கிக்கொள்ளக்கூடிய தொழில்கள் இந்தக் கரை முழுக்க இருக்கின்றன. நடுப்பகலுக்கு ஒரு நல்ல மலிவு விலை, சிறு இணைப்புக்கும் நேரம் பார்த்துக் கணக்கெடுக்கும் மீற்றர், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் விவசாயச் சங்கங்களும் சேர்ந்து ஒரே இடத்தில் சோலார் போட்டு உறுப்பினர் பில்லில் பங்கு போட அனுமதி. இந்த மூன்றும் வந்தால் எங்கள் கூட்டாளியின் பில் இறங்கும். இதற்குப் புதுக் கொம்பனி தேவையில்லை. லைன் நம்பிக்கையாக இருக்க வேண்டும், எந்த லைன் எத்தனை மணித்தியாலம் நின்றது என்று மாதா மாதம் வெளியிட வேண்டும், இறால் செத்தால் நட்டஈடு யார் தருவார் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒருவேளை நாளைக்கே ஒரு ஆள் ஃபைலோடு உங்கள் கடை வாசலில் வந்து "இன்னும் மலிவு" என்றால், துரத்த வேண்டாம், ஒரு பிளேன்டீ கொடுத்து நாலு கேள்வி கேளுங்கள். விலை நிலையானதா, சந்தையோடு ஆடுமா? எத்தனை வருடம் கட்டிப்போடுகிறீர், நடுவில் விட்டால் தண்டம் எவ்வளவு? உமக்குக் கமிஷன் யார் தருகிறார், அது என் யுனிட் விலைக்குள் இருக்கிறதா? உமது கொம்பனி விழுந்தால் என் கரண்ட் யார் பொறுப்பு? நாலுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் அந்த ஆள் விற்க வந்தது கரண்ட் அல்ல, உங்கள் கையெழுத்தை வாங்கிப்போக வந்தவர்.

கூட்டாளிக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவன் கேட்டான், "அப்ப நான் இப்ப என்னதான் செய்றது?"

உன் கடைசி மூன்று வருட பில்லையும் எடு. எந்த மாதம் எத்தனை யுனிட், என்ன விலை, எத்தனை முறை கரண்ட் போனது, எத்தனை கட்டி உருகியது, டீசலுக்கு எவ்வளவு போனது என்று ஒரு தாளில் எழுது. பக்கத்து இறால் பண்ணைக்காரரிடமும் தோட்டக்காரரிடமும் எழுதச் சொல். அடுத்த முறை ஆணைக்குழு கருத்துக் கேட்கும்போது அதைத் தமிழிலேயே அனுப்புவோம், நேரில் பேச இடம் கிடைத்தால் பஸ் ஏறிப் போவோம். கொழும்பில் இருக்கிறவர் எங்கள் கரையை நுரைச்சோலைப் புகைக்கூடாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார். அந்தப் புகைக்கூட்டின் அடியில் நின்று பில் கட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள் என்று அந்தத் தாள்கள் சொல்லட்டும்.

அவன் பில் கட்டைத் தேடப் போயிருக்கிறான். உங்கள் வீட்டிலும் அலுமாரிக்கு மேலே ஒரு கட்டு இருக்கும். இறக்குங்கள்.